யாரும் படிக்காத தடயம்: அளவீடு ஒளியை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: "இரண்டு பிளவுகள் வழியே ஒளியை அனுப்பும் சோதனையில், எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று பார்த்தால் ஒளி துகளாகிவிடுகிறது, பார்க்காவிட்டால் அலையாக இருக்கிறது என்கிறார்கள். நாம் பார்ப்பது ஒளிக்கு எப்படித் தெரியும்? மனித மனம்தான் இதைச் செய்கிறதா, இல்லை, அளக்கும் கருவி ஒளியோடு மோதிவிடுவதால் இப்படி ஆகிறதா?"

மனமும் இல்லை, மோதலும் இல்லை. முதல் விளக்கம் வெறும் கட்டுக்கதை, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் பாதி உண்மை இருப்பதால் அது இன்னும் பிடிவாதமாகப் பலர் மனத்தில் தங்கிவிட்டது. உண்மையில் நடப்பது என்னவென்றால், ஒளி எந்த வழியாகப் போனது என்பதற்கான தடயம் வேறு எதிலாவது பதிந்துவிட்டால் போதும், திரையில் வெளிச்சமும் இருளுமாக விழும் பட்டைகள் மறைந்துவிடும். அந்தத் தடயத்தை யாராவது படித்தார்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. படிக்க ஆளே இல்லாத இருட்டறையிலும் அப்படித்தான்.

முதலில் பட்டைகள் எப்படி வருகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். ஒளியைப் பிரித்து மறுபடி சேர்த்தால் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரிசையாக விழும் என்பதைத் தாமஸ் யங் 1800களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். ஒளி அலை என்பதற்கு அது பெரிய சான்றாக இருந்தது. 1909ல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் ஒரு விளையாட்டான சோதனை செய்தார். எரிவாயுச் சுடரின் ஒளியைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கச் செய்துகொண்டே போய், ஓர் ஊசியின் நிழலைப் படம் பிடித்தார். மிகவும் மங்கிய ஒளிக்கு ஒளிப்படத் தகட்டை ஏறக்குறைய மூன்று மாதம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு குறைந்த ஒளியிலும் நிழலின் ஓரத்து வரிகள் முன்போலவே தெளிவாக விழுந்தன.

ஆனால் ஒளியை மங்கச் செய்வதும், ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக அனுப்புவதும் ஒன்றல்ல. மங்கிய ஒளியில் சில சமயம் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்தே வந்துவிடும். இந்தக் குறையைச் சரி செய்தவர்கள் பிரான்சின் ஓர்சே நகரில் இருந்த கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகிய மூவர். 1986ல் வெளியான அவர்களுடைய சோதனையில், கால்சியம் அணு ஒன்று அடுத்தடுத்து இரண்டு ஃபோட்டான்களை உமிழும். முதலாவது வந்தால், இரண்டாவது வருகிறது என்பதற்கு அது அறிவிப்பு. அந்த இரண்டாவதைப் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் விட்டு, இரு பக்கமும் உணர்கருவி வைத்தால் இரண்டும் சேர்ந்து துடிப்பது மிக அரிது. ஃபோட்டான் பாதியாக உடைவதில்லை என்று இதற்குப் பொருள். அதே ஃபோட்டான்களை, உணர்கருவிகளை எடுத்துவிட்டு இரண்டு பாதைகளையும் மறுபடி சேர்த்தபோது, 98 சதவீதத்துக்கும் மேல் தெளிவான பட்டைகள் கிடைத்தன. தனி ஃபோட்டான் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில்தான் விழுகிறது. ஆனால் எங்கே விழலாம் என்பதை இரண்டு பாதைகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இதற்குக் குவாண்டம் இயற்பியல் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வீச்சு உண்டு. அது நேர் எண்ணாகவும் இருக்கலாம், எதிர் எண்ணாகவும் இருக்கலாம் (உண்மையில் கலப்பெண், இப்போதைக்கு அது வேண்டாம்). இரண்டு வீச்சுகளையும் கூட்டி, அப்புறம் வர்க்கம் எடுத்தால் அந்த இடத்தில் ஃபோட்டான் விழும் வாய்ப்பு கிடைக்கும். திரையில் ஓரிடத்தில் இரண்டும் 1 என்றால் கூட்டல் 2, வர்க்கம் 4: பளிச்சென்ற பட்டை. பக்கத்து இடத்தில் ஒன்று 1, மற்றது −1 என்றால் கூட்டல் 0, வர்க்கமும் 0: இருட்டு.

வழி பற்றிய தடயம் இருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது. அப்போது முதலில் வர்க்கம், பிறகு கூட்டல். 1-இன் வர்க்கம் 1, −1-இன் வர்க்கமும் 1, எங்கே பார்த்தாலும் 2. பட்டை கிடையாது, சீரான வெளிச்சம். மொத்த ஒளி குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்: 4-க்கும் 0-க்கும் சராசரி 2தான்.

ஆக, "ஒளி அலையா துகளா" என்று கேட்பதை விட, "இயற்கை எப்போது கூட்டிவிட்டு வர்க்கம் எடுக்கிறது, எப்போது வர்க்கம் எடுத்துவிட்டுக் கூட்டுகிறது" என்று கேட்பது நல்லது. விடை இதுதான். இரண்டு பாதைகளில் எதில் போனாலும், கடைசியில் ஃபோட்டானும் அதைச் சுற்றியுள்ள எல்லாமும் அச்சு அசலாக ஒரே நிலையில் இருந்தால் முதல் கணக்கு. எங்கோ ஓர் அணு "அது இடப்பக்கம் போனது" என்பதற்கேற்ப வேறு நிலையில் நின்றுவிட்டால்கூட இரண்டாம் கணக்கு. அளவீடு என்று நாம் சொல்வது, அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்க்க முடியும். லேசர் சுட்டி ஒன்று, மெல்லிய கம்பித் துண்டு ஒன்று, போலராய்டு தகடு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) கொஞ்சம் இருந்தால் போதும். லேசர் ஒளி கம்பியின் இரு பக்கமும் வழிந்து போகும்படி வைத்தால், தூரத்துச் சுவரில் பட்டைகள் தெரியும். இங்கே கம்பியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்தான் இரண்டு பாதைகள். இப்போது இடப்பக்கம் நிலைக்குத்தாக ஒரு போலராய்டையும், வலப்பக்கம் கிடைமட்டமாக இன்னொன்றையும் கம்பியை ஒட்டி வையுங்கள். லேசரைக் கொஞ்சம் சுழற்றி, இரண்டு வழியாகவும் ஒரே அளவு ஒளி வரும்படி சரி செய்துகொள்ளுங்கள். பட்டைகள் போய்விடும். ஒவ்வொரு ஃபோட்டானும் தான் வந்த வழியைத் தன் தளவிளைவுத் திசையிலேயே, அதாவது ஒளி அதிரும் திசையிலேயே, சுமந்துகொண்டு வருகிறது. அதை அளக்க நீங்கள் எந்தக் கருவியும் வைக்கவில்லை. சுவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அளக்க முடியும் என்ற நிலைமை ஒன்றே பட்டைகளை அழித்துவிட்டது.

அடுத்து, கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு போலராய்டை 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள். பட்டைகள் திரும்ப வந்துவிடும். நிலைக்குத்தாக வந்த ஃபோட்டானுக்கும் கிடைமட்டமாக வந்ததற்கும் இந்தத் தகட்டைத் தாண்டும் வாய்ப்பு ஒன்றுதான். தாண்டிய பிறகு இரண்டும் ஒரே திசையில் இருக்கும். வந்த வழியின் அடையாளம் துடைக்கப்பட்டுவிட்டது. குவாண்டம் அழிப்பான் என்று இதைச் சொல்வார்கள். தகட்டை எதிர்ப்பக்கம் 45 பாகை சாய்த்தாலும் பட்டைகள் வரும், ஆனால் இடம் மாறி வரும்: முன்பு வெளிச்சமாக இருந்த இடம் இப்போது இருட்டு, இருட்டாக இருந்த இடம் வெளிச்சம். இந்த இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பட்டையே இல்லாத அந்தச் சீரான வெளிச்சம்தான் கிடைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க இது உதவும்.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே தடுப்பார்: "ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் தளவிளைவுற்ற இரண்டு ஒளிகள் பட்டை தராது என்பதை ஃபிரெனலும் அராகோவும் 1819லேயே சொல்லிவிட்டார்களே, இதில் குவாண்டம் எங்கே வந்தது?" நியாயமான கேள்விதான். லேசர் சுட்டியை வைத்துச் செய்யும் வரை பழைய அலைக்கொள்கையே இதை முழுக்க விளக்கிவிடும். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போதும், தடயத்தை அந்த ஃபோட்டானிலேயே வைக்காமல் வேறொன்றில் வைக்கும்போதும்தான் பழைய கொள்கை கைவிடுகிறது. 2002ல் பிரேசிலில் வால்பார்ன் குழுவினர் செய்தது அதைத்தான். பின்னிய (ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்த) இரட்டை ஃபோட்டான்களில் ஒன்று மட்டும் பிளவுகள் வழியாகப் போனது. அதன் வழியை அறிவதற்கும், அந்த அடையாளத்தைத் துடைப்பதற்கும், பிளவுப் பக்கமே வராத கூட்டாளி ஃபோட்டானை எந்தத் திசையில் அளக்கிறோம் என்பதே தீர்மானமாக இருந்தது.

சரி, மோதல் விஷயத்துக்கு வருவோம். இந்த விளக்கம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1927ல் ஹைசன்பர்க் ஒரு கற்பனை நுண்ணோக்கியை வைத்து, எலக்ட்ரானைப் பார்க்க வேண்டுமானால் அதன் மேல் ஒளி பட வேண்டும், பட்டால் அது தள்ளப்படும் என்று வாதிட்டார். ஐன்ஸ்டைனோ, ஃபோட்டான் திரும்பும்போது பிளவுள்ள தகடு பின்வாங்குவதை அளந்தால் வழியும் தெரியும், பட்டையும் இருக்கும் என்று இயற்பியலாளர் நீல்ஸ் போரை மடக்கப் பார்த்தார். போரின் பதில்: தகட்டின் உந்தத்தை அவ்வளவு துல்லியமாக அறிய வேண்டுமானால் அதன் இருப்பிடம் தெளிவில்லாமல் போகும், அந்தத் தெளிவின்மையே பட்டைகளைக் கலைத்துவிடும். இந்த வகை ஏற்பாட்டில் தள்ளல் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் பட்டைகளை அழிப்பது அந்தத் தள்ளல் தகட்டில் விட்டுச்செல்லும் அடையாளம்தான். 2025ல் எம்.ஐ.டி.யில் வொல்ஃப்காங் கெட்டர்லே குழுவினர் தனித்தனி அணுக்களையே பிளவுகளாக வைத்து இதைப் பார்த்தார்கள். அணுக்களைப் பிடித்து வைத்திருந்த ஒளிப்பொறியை அணைத்து, அவை வெறும் வெளியில் மிதக்கும்போது அளந்தாலும் முடிவு மாறவில்லை. அணுவின் இருப்பிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது மட்டுமே கணக்கில் வந்தது.

தள்ளலே இல்லாமல் பட்டை அழிவதைக் காட்டும் சோதனை வேண்டுமா? எனக்குத் தெரிந்து சோ, வாங், மாண்டெல் ஆகிய மூவர் 1991ல் ரோச்செஸ்டரில் செய்ததை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து இரண்டு படிகங்களில் விட்டார்கள். படிகத்துக்குள் எப்போதாவது ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிரியும். ஒன்றை முதல்வன் என்றும், மற்றதைத் துணைவன் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு படிகங்களிலிருந்தும் வரும் முதல்வன் பாதைகளைச் சேர்த்து ஓர் உணர்கருவியில் விட்டார்கள். துணைவன் விஷயத்தில்தான் தந்திரம்: முதல் படிகத்தின் துணைவனை இரண்டாம் படிகத்தின் ஊடாகவே செலுத்தி, அங்கே பிறக்கும் துணைவனின் பாதையோடு மயிரிழை பிசகாமல் பொருந்தச் செய்தார்கள். இப்போது ஒரு துணைவன் வந்தால் அது எந்தப் படிகத்தில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல்வன் எங்கே பிறந்தது என்பதும் தெரியாது. முதல்வன் பக்கம் பட்டைகள் வந்தன.

அப்புறம், இரண்டு படிகங்களுக்கு நடுவே துணைவன் பாதையை மட்டும் மறைத்தார்கள். இனி துணைவன் ஒன்று வெளியே வந்தால் அது இரண்டாம் படிகத்துடையது என்பது உறுதி. முதல்வன் பக்கத்தில் பட்டைகள் காணாமல் போயின. முதல்வன் பாதையை யாரும் தொடவில்லை. துணைவனை அளக்கவும் இல்லை, அதற்கு உணர்கருவி இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. முழுத் தடுப்புக்குப் பதில் ஒளியைக் கொஞ்சம் விடும் வடிகட்டியை வைத்தால், துணைவனின் வீச்சில் எவ்வளவு பங்கு கடந்துபோகிறதோ அதே விகிதத்தில் பட்டைகளின் தெளிவும் மிஞ்சுகிறது. கருவியின் மோதல்தான் காரணம் என்று இதற்குப் பிறகும் ஒருவர் சொன்னால், எது எதோடு மோதியது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

வடிகட்டி பற்றிய அந்தக் கடைசி விவரம் முக்கியமானது. "ஒன்று அலை, இல்லையென்றால் துகள்" என்ற இரட்டைச் சொடுக்கி இயற்கையில் கிடையாது. நடுவில் எல்லா நிலைகளும் உண்டு. வூட்டர்ஸும் சூரெக்கும் 1979ல் இதைக் கணக்கிடத் தொடங்கினார்கள். கிரீன்பெர்கர், யாசின் (1988), எங்லெர்ட் (1996) ஆகியோர் கைகளில் அது ஓர் அழகான சமனிலியாக வந்து நின்றது: வழியைப் பிரித்தறியும் அளவின் வர்க்கமும், பட்டைத் தெளிவின் வர்க்கமும் சேர்ந்து 1-ஐத் தாண்டாது. பிரித்தறியும் அளவு 0.6 என்று வையுங்கள். அப்போது தடயத்தைப் பார்த்து வழியை ஊகித்தால் 80 சதவீதம் சரியாக வரும். பட்டைத் தெளிவு எவ்வளவு மிஞ்சலாம்? 0.36-ஐ 1-லிருந்து கழித்தால் 0.64, அதன் வர்க்கமூலம் 0.8. பத்துக்கு எட்டு முறை வழியைச் சரியாகச் சொல்ல முடிந்தும் பட்டைகள் 80 சதவீதத் தெளிவோடு நிற்கின்றன. அலை, துகள் என்ற இரண்டு பெட்டிகளோடு இதற்குள் நுழைபவருக்கு இந்த எண்களை வைக்க இடமே இருக்காது.

இனி, "எதிர்காலத்தில் நாம் எடுக்கும் முடிவு கடந்த காலத்தை மாற்றுகிறது" என்ற பரபரப்பு. இயற்பியலாளர் ஜான் வீலர் 1978ல் எழுப்பிய கேள்வி இது: ஃபோட்டான் கருவிக்குள் நுழைந்த பிறகு, பாதைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? 2007ல் பிரான்சில் 48 மீட்டர் நீளமுள்ள கருவியில், வைரத்துக்குள் இருக்கும் ஒற்றை நிறமையத்திலிருந்து (ஒளியை உமிழும் ஒரு படிகக் குறை) வந்த தனி ஃபோட்டான்களை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். சேர்த்தால் பட்டை, சேர்க்காவிட்டால் இல்லை. முடிவு தாமதமானதால் எதுவும் மாறவில்லை. ஃபோட்டான் நுழையும்போதே "அலையாகப் போகலாமா, துகளாகப் போகலாமா" என்று தீர்மானித்திருக்கும் என்று நாம்தான் கற்பனை செய்துகொண்டோம். அந்தக் கற்பனையை விட்டால் கடந்த காலம் பத்திரமாக இருக்கிறது.

கிம், ஷிஹ், ஸ்கல்லி குழுவினர் 2000ல் வெளியிட்ட தாமத அழிப்பான் சோதனையைத்தான் காணொளிகளில் மந்திரம்போலக் காட்டுகிறார்கள். அதில் முதல்வன் ஃபோட்டான் உணர்கருவியில் விழுந்த பிறகுதான் துணைவனின் தடயம் படிக்கப்படுகிறது அல்லது துடைக்கப்படுகிறது. பலர் சொல்லாமல் விடும் செய்தி என்னவென்றால், முதல்வன்கள் விழுந்த மொத்தப் படத்தில் பட்டைகள் எப்போதுமே தெரிவதில்லை. துணைவன் எந்த உணர்கருவியில் விழுந்தது என்ற பட்டியல் வந்து சேர்ந்த பிறகு, அதை வைத்துப் புள்ளிகளைத் தரம் பிரித்தால்தான் ஒரு பிரிவில் பட்டையும், இன்னொரு பிரிவில் இடம் மாறிய பட்டையும் தெரியும். போலராய்டை இரு பக்கமும் சாய்த்தபோது பார்த்த அதே ஜோடிதான். இரண்டையும் சேர்த்தால் சீரான வெளிச்சம். ஏற்கெனவே விழுந்த ஒரு புள்ளியும் இடம் பெயரவில்லை. இதை வைத்துக் கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்பவும் முடியாது.

அளவீடு என்றாலே அழிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒளியைத் தன் போக்கில் இழுத்துச் செல்லவும் அதனால் முடியும். ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் வைத்த இரண்டு போலராய்டுகள் ஒளியை முழுக்கத் தடுக்கும். நடுவே 45 பாகையில் மூன்றாவதைச் செருகினால், முதல் தகட்டைத் தாண்டியதில் கால் பங்கு ஒளி வெளியே வந்துவிடும். தடையைக் கூட்டினால் ஒளி கூடுகிறது! ஒவ்வொரு தகடும் ஃபோட்டானிடம் "உன் திசை இதுவா" என்று கேட்கிறது. "ஆம்" என்று வந்துவிட்டால், அதற்குப் பிறகு ஃபோட்டானின் திசை அதுவேதான். ஏற்கெனவே இருந்த விடையை வெளிக்கொணரும் வேலை அல்ல இது. 9 பாகைக்கு ஒன்றாகப் பத்துத் தகடுகள் வைத்தால், இழப்பே இல்லாத தகடுகளாக இருக்கும் பட்சத்தில் 78 சதவீத ஒளி தொண்ணூறு பாகை திரும்பி வெளியே வரும். ஒரு பாகைக்கு ஒன்றாகத் தொண்ணூறு வைத்தால் 97 சதவீதம். இதையே திருப்பிப் போட்டால், திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும் ஊடகத்தின் நடுநடுவே ஒரே திசையில் தகடுகளை வைத்து, ஃபோட்டானைத் திரும்பவிடாமல் நிறுத்தியும் வைக்கலாம். அடிக்கடி அளந்தால் மாற்றம் உறைந்துபோகும் என்ற இந்த விளைவுக்கு 1977ல் மிஸ்ராவும் ஈ. சி. ஜி. சுதர்சனும் குவாண்டம் ஜீனோ விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

ஃபோட்டானை விழுங்காமல் பார்க்கவும் முடியும். கண்ணும் கேமராவும் ஒளியை உறிஞ்சித்தான் பார்க்கின்றன. பாரிசில் செர்ஜ் அரோஷ் குழுவினர் வேறு வழி கண்டார்கள். 2.7 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மீக்கடத்தி ஆடிகளுக்கு நடுவே ஒரு நுண்ணலை ஃபோட்டானைச் சிறை வைத்தார்கள். சராசரியாக 0.13 நொடி அது அங்கே அலைந்துகொண்டிருக்கும். அதற்குள் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் பயணம் செய்துவிடும். அந்த இடைவெளியில் ருபீடியம் அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். அணு ஃபோட்டானை உறிஞ்சுவதில்லை, அணுவின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம்) மட்டும் மாறுகிறது. அதை அளந்தால் உள்ளே ஃபோட்டான் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். 2007ல் வெளியான இந்தச் சோதனையில் ஒரே ஃபோட்டானை நூற்றுக்கணக்கான அணுக்கள் அடுத்தடுத்துக் கண்டு சொல்லின. 2012ல் அரோஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது, வைன்லேண்டோடு பகிர்ந்து. விலையே இல்லாத அளவீடு என்று இதை எண்ணிவிடக் கூடாது: ஃபோட்டான்களின் எண்ணிக்கை தெளிவாகத் தெரியத் தெரிய, அந்த ஒளிப்புலத்தின் கட்டம் முற்றிலும் கலைந்துபோகும்.

அளந்தால் ஏதாவது ஒன்று மாறியே தீரும் என்பதைப் பாதுகாப்புக்கும் பயன்படுத்துகிறார்கள். பென்னெட்டும் பிராஸாரும் 1984ல் வகுத்த, செய்திகளைப் பூட்டும் இரகசியச் சாவியைப் பரிமாறும் முறையில், நடுவே ஒருவர் எல்லா ஃபோட்டான்களையும் அளந்துவிட்டு மறுபடி அனுப்பினால், சரிபார்க்கும் பிட்டுகளில் கால் பங்கு தவறாக வரும். ஒட்டுக்கேட்டவர் மாட்டிக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தடயம் சுற்றுப்புறத்தில் பரவியதும் பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதைக் குவாண்டம் கணக்கே சொல்லிவிடுகிறது. 1970ல் ட்சே தொடங்கி, பிறகு சூரெக் வளர்த்த ஒத்திசைவு இழப்புக் கோட்பாடு அது. ஆனால் இந்த ஒரு ஃபோட்டான் ஏன் இந்தப் புள்ளியில் விழுந்தது, அடுத்த புள்ளியில் ஏன் விழவில்லை என்பதற்கு அது விடை தருவதில்லை. நீல்ஸ் போரின் வழி வந்தவர்கள் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பார்கள். பல உலகக் கொள்கையினர் எல்லா விடைகளும் நடக்கின்றன, நாம் ஒன்றில் இருக்கிறோம் என்பார்கள். இரு தரப்புக்கும் கணிப்புகள் ஒன்றே என்பதால், பிளவுச் சோதனையை எத்தனை முறை செய்தாலும் அந்த வழக்கு தீராது. அதனால்தான் எனக்கு மூன்றாம் தரப்பு சுவாரசியமாகப் படுகிறது. கிராரதி, ரிமினி, வெபர் ஆகியோர் 1986ல் முன்வைத்த கொள்கையின்படி, நிலைகள் தாமாகவே ஒற்றை விடையாகக் குலைகின்றன. துகள்கள் கூடக் கூட அது வேகமாக நடக்கும். சரியா தவறா என்று சோதிக்கக்கூடிய கூற்று இது. ஆனால் ஒளியை வைத்து அதைச் சோதிக்க முடியாது, கனமான பொருள் வேண்டும். 2019ல் வியன்னாவில் 25,000 அணு நிறை அலகுகளுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை இதேபோல் பிரித்துச் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் பட்டைகள் வந்தன.